காலித் தெருவை அளந்த கதை

பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வயிறு கலக்கும். எனக்கு ஆங்கிலம் வரும். சாதாரண நாளில் 'தேங்க்யூ'வுக்கு மேல் தாண்டாதவன், கால் நடுங்கத் தொடங்கியதும் 'ஆக்சுவலி', 'பேசிக்கலி' என்று ஆரம்பித்துவிடுவேன். பயம் ஜாஸ்தியானால் மற்ற வார்த்தைகள் எல்லாம் உதிர்ந்து 'ஆக்சுவலி' மட்டும் மிஞ்சும். வேலூரில் ஒரு இன்ஜினியர் ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் வீட்டு பிளான் வரைந்தேன். அதில் நான் ஆங்கிலம் பேசிய நாட்களை மட்டும் வரிசையாக எழுதினால் போதும், அதுதான் என் பணி வரலாறு.

ஐம்பத்தாறு வயதிலேயே ஓய்வா என்று கேட்கிறார்கள். நான் ஓய்வு பெறவில்லை, என் கழுத்து ஓய்வு பெற்றது. அதை வீட்டில் தனியாக விட்டுவிட்டு ஆபீஸ் போக மனசு வராமல் நானும் கூடவே வந்துவிட்டேன். நமது வரைவாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று செயலாளர் மூன்று மாதமாகப் பின்னால் சுற்றினார். பழைய தெருக்களில் புது வீடு போடுகிற வேலை இப்போது நிறைய வருகிறதாம், வேலைக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு உதவியாக இருக்குமாம். என் அனுபவத்தில் உதவியாக என்ன இருக்கிறது என்று தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். போன வாரம் ஒரு போன் வந்தது. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்த போனைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது அளவெடுக்கக் கையடக்கமாக ஒரு கருவி வந்துவிட்டது. சுவரைப் பார்த்து அமுக்கினால் சிவப்புப் புள்ளி விழுகிறது, நீளம் வந்துவிடுகிறது. பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. எங்கள் காலத்தில் டேப்பின் ஒரு முனையை நான் பிடித்தால் மறுமுனையை அந்த வீட்டுக்காரர் யாராவது பிடிக்க வேண்டும். பிடித்தவர் சும்மா இருக்க மாட்டார். மாமியார் எங்கே படுப்பார், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வரும், பக்கத்து வீட்டுக்காரனோடு எதற்காகச் சண்டை என்று பேசிக்கொண்டே இழுப்பார். பாதி பிளான் அந்தப் பேச்சிலேயே வந்துவிடும். புள்ளி பேசாது.

படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பாலிடெக்னிக்கில் சேர்ந்தேன், தேறினேன், நான் தேறியதில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஆச்சரியம். முதல் நாலைந்து வருஷம் ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் தோல் ஷெட்டுகளாக வரைந்து தள்ளினேன். நிம்மதியான வேலை. ஆடு, மாடு தோலாகி உள்ளே வந்த பிறகு வாசலை எந்தப் பக்கம் வைத்தாலும் ஒன்றும் சொல்லாது. மனுஷர்களுக்கு வீடு வரைய ஆரம்பித்த பிறகுதான் எனக்கு ஆங்கிலம் பழக்கமானது.

முதல் அடி ஆம்பூரில் விழுந்தது. பழைய முஸ்லிம் மொஹல்லா ஒன்றில் குறுகலான தெரு. இடித்துவிட்டுப் புது வீடு. எல்லாவற்றையும் ஒழுங்காகப் போட்டு, வாசலைச் சரியாக நடுவில் வைத்தேன். கதவு மாட்டிய அன்று எதிர் வீட்டு பாய் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். தெருவின் நடுவில் என்னை நிறுத்தினார்.

"தோஸ்த், இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் பாரு. எந்த வூட்டுக் கதவாவது எதிர் வூட்டுக் கதவை நேருக்கு நேர் பாக்குதா?"

பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. ஒரு கதவுக்கு எதிரே சுவர், அந்தச் சுவர் முடிகிற இடத்தில் அடுத்த கதவு. தெரு முழுக்க அப்படித்தான்.

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து இந்தத் தெருவுல எந்தக் கதவும் எந்தக் கதவையும் பாத்ததில்ல. உள்ள பொம்பளைங்க அவங்க பாட்டுக்கு நடமாடுவாங்க. நீ வந்து ரெண்டு கதவுக்கும் நிக்காஹ் பண்ணி வச்சிட்டியே!"

"ஆக்சுவலி, சென்டர் லைன்..." என்றேன்.

"சென்டர் லைனை நீயே வச்சுக்க. கதவை நாலடி தள்ளு."

தள்ளினோம். கட்டிய சுவரை உடைக்கும்போது எழும்பிய தூசியில் நின்றுகொண்டு, இனிமேல் தெருவைப் பார்க்காமல் வீடு வரைவதில்லை என்று சபதம் எடுத்தேன். எடுத்த சபதத்தைச் சில வருஷம் காப்பாற்றவும் செய்தேன். அதனால்தான் பிறகு செய்த தப்பு இன்னும் பெரிதாகப் போயிற்று.

அதைச் சொல்வதற்கு முன்னால் மெர்சி மேடத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆபீசின் மூத்த இன்ஜினியர். காட்பாடியிலிருந்து வருவார். முழங்கால் வலி, அதனால் நாற்காலியை விட்டு எழுவது அபூர்வம். முப்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து 'தப்பு' என்ற வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. அதற்குப் பதிலாக ஒன்று செய்வார். பிளானை மேசையில் விரிப்பார், கண்ணாடியைக் கழற்றி மடித்து வைப்பார், ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் இரண்டு கால் மாதிரி தாளின் மேல் நிறுத்துவார். அந்த விரல்கள் தெருவிலிருந்து நடந்து வீட்டுக்குள் வரும்.

"நான் கேஸ்காரன். தோள்ல சிலிண்டர் இருக்கு. வாசப்படி ஏறிட்டேன். எங்க இறக்கி வைக்கட்டும், ஏகாம்பரம்?"

நான் சமையலறையைக் காட்டுவேன். விரல்கள் நடக்கும், சோபா மேல் இடிக்கும், நிற்கும். விரல்கள் நின்றால் பிளான் திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒருமுறை மாடிப்படித் திருப்பத்தைச் சிக்கனமாகப் போட்டிருந்தேன். விரல்கள் இறங்கி வந்து திருப்பத்தில் நின்றன. "நான் செத்துட்டேன். மேலேர்ந்து என்னை நாலு பேர் தூக்கிட்டு வர்றாங்க. எப்படித் திருப்புவாங்க?"

"கொஞ்சம் சாய்ச்சு..."

"உயிரோட இருக்கறவன் வளைஞ்சு குடுப்பான். செத்தவன் குடுக்க மாட்டான்ப்பா."

இன்றைக்கும் எந்த வீட்டில் படி ஏறினாலும் என்னை நாலு பேர் தூக்கி வருவதை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.

மேடத்திடம் இன்னொரு சட்டமும் உண்டு. பழைய தெருவில் வீடு என்றால் அந்தத் தெருவை மூன்று வேளை பார்க்க வேண்டும். அதற்காகவே ஒரு நோட்டு. அதில் மூன்று கட்டம்: காலை, மதியம், மாலை. ஒவ்வொரு கட்டத்திலும் தெருவில் யார், என்ன செய்கிறார்கள் என்று எழுத வேண்டும்.

இனி அந்தத் தப்பு.

குடியாத்தத்தில் கைத்தறி லுங்கி நெய்கிறவர்கள் தெரு ஒன்று. இருபதடி அகலம், வடக்கு தெற்காக ஆணி அடித்த மாதிரி நேர்த் தெரு. இரண்டு பக்கமும் ஓட்டு வீடுகள். ஒரு மழைக்காலத்தில் கிழக்கு வரிசையில் தொடர்ந்தாற்போல ஒன்பது மண்சுவர் வீடுகள் நனைந்து உட்கார்ந்துவிட்டன. நல்லவேளை, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்பது குடும்பமும் சேர்ந்து ஒரே மாதிரி மாடி வீடாகக் கட்டிக்கொள்வதென்று முடிவு செய்து எங்கள் ஆபீசுக்கு வந்தார்கள். அவர்களுக்காகப் பேசியது கஸ்தூரி அம்மா. ஐம்பதை ஒட்டிய வயது, வரிசையில் தெற்குக் கடைசி வீடு. கணவர் நெய்வார், பேசுகிற பொறுப்பு முழுக்க இவருடையது.

"சார், கீழ ரெண்டு குழித்தறி, மேல என் மவனுக்கு ஒரு ரூமு. அவ்ளோதான். அவன் ஆம்பூர்ல ஷூ கம்பெனிக்குப் போறான். மருமவளுக்கு இப்போ அஞ்சு மாசம். தனியா ஒரு ரூமு இல்லன்னா அங்கியே வாடகைக்கு வூடு பாத்துடுவான். போனா வர மாட்டான் சார்."

அவர்கள் அப்போது பைபாஸ் பக்கம் ஒற்றை அறை போர்ஷனில் இருந்தார்கள். பிரித்த தறி தார்ப்பாய் சுற்றி வெளியே கிடந்தது.

அளவெடுக்க ஒரு வியாழக்கிழமை போனேன். என் அதிர்ஷ்டத்தை நானே மெச்சிக்கொண்டேன். தெருவில் ஈ காக்கை இல்லை. தறிச் சத்தம் இல்லை. குறுக்கே வருவாரும் இல்லை, டேப்பைப் பிடிக்கவும் ஆள் இல்லை. மறுமுனை மேல் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு நானே ஓடி ஓடி அளந்தேன். செங்கல் ஒரு வார்த்தை பேசவில்லை. பதினோரு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது.

மதியமும் மாலையும் பார்க்க வேண்டுமே? பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பிரியாணிக் கடை இருந்தது. அங்கே உட்கார்ந்து, எலும்பை ஒதுக்கிவிட்டு, நோட்டைத் திறந்து எழுதினேன். காலை: காலி. மதியம்: காலி. மாலை: காலி. கீழே என் சொந்தக் கருத்தாக, 'அமைதியான குடியிருப்புப் பகுதி' என்றும் சேர்த்தேன். என் வாழ்நாளில் எழுதிய ஒரே கற்பனைப் படைப்பு அதுதான்.

மேடம் நோட்டைப் பார்த்தார். "யாருமே இல்லியா?"

"யாருமே இல்ல மேடம். நல்லா காலியா இருக்கு."

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். நோட்டை மூடித் திருப்பித் தந்தார்.

நான் அழகாக வரைந்தேன். தெரு ஓரத்துச் சுவரிலிருந்தே இரண்டு மாடி, இருபத்தோரு அடி உயரம், ஒன்பதும் ஒரே கோடு. கீழே முன்பக்கம் தறி, பின்பக்கம் சமையல். மேலே முன்னால் பெரிய ரூம். தெருப் பக்கம் இரண்டு படி, வண்டி ஏற்ற ஒரு சாய்வு, வீட்டுக்கு ஒரு புங்கை மரம். கலர் பென்சிலால் மரத்துக்கு நிழல்கூடப் போட்டேன்.

கடைக்கால் தோண்ட நாள் குறித்தாயிற்று, மேஸ்திரி முன்பணம் வாங்கியாயிற்று. பத்து நாள் இருக்கும்போது பிளானைக் காட்ட அந்த போர்ஷனுக்குப் போனேன். ஒன்பது குடும்பமும் வந்திருந்தது. கஸ்தூரி அம்மா தரையில் விரித்த தாளின் மேல் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாம் இருக்குது சார். சாமி மாடம் இருக்குது, பாத்ரூம் ரெண்டு இருக்குது. வெயிலை எங்க வச்சிருக்கீங்க?"

"மொட்டை மாடியிலம்மா. துணி காயப் போட கம்பிகூடக் காட்டியிருக்கேன் பாருங்க."

"துணி இல்ல சார். பாவு."

"பாவமா? யாரு?"

சிரிப்பு கிளம்பியது. நான் பாவம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அவருடைய கொழுந்தனார் முனிரத்தினம், பக்கத்து மனைக்காரர், பொறுமையாகச் சொன்னார்.

"பாவுன்னா தறியில நீளவாட்டுல போற நூலு சார். தறியில ஏத்தறதுக்கு முன்னாடி கஞ்சி போடணும். அவ்ளோ நீளத்தை எங்க விரிக்கிறது? தெருவுலதான். விடியக்காலம் நடுத்தெருவுல இந்தாண்டலேர்ந்து அந்தாண்ட இழுத்துக் கட்டிருவோம். கஞ்சி தடவி, ரெண்டு பக்கமும் ஆளுங்க பிரஷ் போட்டுக்கினே நடப்பாங்க. எட்டு மணி வெயிலு இளஞ்சூடா மேல விழும், பாவு காயும். அப்புறமா வர்ற வெயிலு ஆவாது, நூலு முறுக்கிக்கினு அறுந்துடும். நீங்க அளக்க வந்தப்போ பாக்கலியா?"

"இல்லீங்களே. தெரு காலியா இருந்துச்சே."

"எப்போ வந்தீங்க?"

"போன மாசம். வியாழக்கிழமை."

முனிரத்தினம் எழுந்து சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில் போன மாசத் தாளைத் திருப்பிப் பார்த்தார். அந்த வியாழக்கிழமைக் கட்டத்தில் ஒரு கறுப்பு வட்டம்.

"அண்ணி! சார் அமாவாசையில வந்து தெருவை அளந்துட்டுப் போயிருக்காரு!"

நெசவாளிக்கு அமாவாசை விடுமுறை. அன்றைக்குத் தறி நிற்கும், பாவு கிடையாது, தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்துவிட்டுக் கோயிலுக்கோ சினிமாவுக்கோ போய்விடுவார்கள். மாதத்தில் இருபத்தொன்பது நாள் வேலை செய்கிற தெருவை, அது லீவு போட்ட ஒரே நாளில் போய்ப் பார்த்து, அமைதியான குடியிருப்பு என்று எழுதியிருந்தேன். அந்த ஒற்றை அறையில் நாற்பது பேர் சிரித்தார்கள். ஒரு கிழவர் இருமல் வந்து வெளியே போனார்.

"ஆக்சுவலி..." என்றேன்.

சிரிப்பு அடங்கும்வரை கஸ்தூரி அம்மா காத்திருந்தார். "போதும், சாரை வுடுங்க. சார், இருபத்தோரு அடி சுவரு கெழக்கால நின்னா பதினோரு மணி வரைக்கும் தெருவுல நெழலுதான். ஒம்போது வூடு நாங்க கட்றோம்னு நாப்பது வூட்டுப் பாவைக் காயாம வுட முடியாது. மாடி இல்லன்னா என் மவன் நிக்க மாட்டான். எனக்கு வெயிலும் வோணும், மாடியும் வோணும். பத்து நாளு இருக்குது."

அன்று மாலை வேலூர் திரும்புகிற பஸ்ஸில் என்னென்ன பொய் சொல்லலாம் என்று பள்ளிகொண்டா வரை யோசித்தேன். காலண்டர் அச்சுப்பிழை என்பதுவரை போய்ப் பார்த்தேன். ஆபீசில் மேடம் மட்டும் இருந்தார். நோட்டை மேசைமேல் வைத்து, பிரியாணிக் கடை உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். பாதி ஆங்கிலத்தில் சொன்னேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். நோட்டின் மேல் இரண்டு விரலையும் நிறுத்தினார். 'காலை' கட்டத்திலிருந்து 'மதியம்' கட்டத்துக்கு நடத்தினார், 'மாலை'க்கு நடத்தினார். நடுவில் மோத ஒருவருமே இல்லை, விரல்கள் எங்கும் நிற்கவில்லை.

"பிரியாணி நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு மேடம்."

"நாளைக்குக் காலைல முதல் பஸ். நானும் வர்றேன்."

திட்டியிருந்தால் வீட்டில் போய்த் தூங்கியிருப்பேன்.

மறுநாள் விடிகிற நேரத்தில் அந்தத் தெருவை முதன்முறையாகப் பார்த்தேன். அதே தெருதானா என்று கோடியில் இருந்த பெயர்ப் பலகையைப் படித்து உறுதி செய்துகொண்டேன். நடுத்தெருவில் இடுப்பு உயரத்தில், கவட்டைக் கம்புகளின் மேல் சிவப்பும் பச்சையும் கலந்த நூல், ஒரு ஆறு மாதிரி நீண்டு கிடந்தது. கஞ்சி மணம். இரண்டு பக்கமும் ஆட்கள் பிரஷ்ஷோடு பின்னாலும் முன்னாலும் நடந்தார்கள். நான் படியும் சாய்வும் போட்டிருந்த இடம் எல்லாம் அவர்கள் கால் வைக்கிற இடம். புங்கை மரம் போட்டிருந்த இடத்தில் ஒரு பெண் கஞ்சிச் சட்டியோடு உட்கார்ந்திருந்தாள்.

மேடம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டு வாங்கி விழுந்த வீடுகளின் எதிரே போட்டுக்கொண்டார். "ஏகாம்பரம், உன் வீட்டை நிக்க வை. நான் பாக்கணும்."

முனிரத்தினம்தான் வழி சொன்னார். உயரமான மூங்கில்களை முன் சுவர்க் கோட்டில் வரிசையாக நட்டோம். இருபத்தோரு அடியில் கயிறு கட்டி, அதில் லுங்கிகளை வரிசையாகத் தொங்கவிட்டோம். தெருவில் லுங்கிக்கா பஞ்சம்? கட்டம் போட்டது, கோடு போட்டது, ஏற்றுமதிக்கு வைத்தது என்று ஆளுக்கு நாலு கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏணியில் நின்று முடிச்சுப் போட்டவன் நான். ஏணி ஆடியபோது நான் பேசிய ஆங்கிலத்தைக் கேட்டு, "சாரு மேல போனா வெள்ளைக்காரரா மாறிடுறாரு" என்று ஒரு பிரஷ்காரர் கத்தினார்.

வெயில் ஏறியது. லுங்கிச் சுவரின் நிழல் தெரு முழுக்கப் படுத்தது. எட்டு மணிக்கும் படுத்திருந்தது, ஒன்பதுக்கும் படுத்திருந்தது. மற்ற இடத்தில் பாவு உலர்ந்து நிறம் வெளுத்து வர, எங்கள் ஒன்பது மனைக்கு முன்னால் மட்டும் ஈரம் மினுங்கியது. கட்டாத வீடே ஒரு பாவைக் கெடுத்தது. அந்தப் பாவுக்காரர் என்னைத் திட்டவில்லை. இன்னும் நல்ல வெயில் வரும் என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

மறுநாள் காலையும் அதே. ஆனால் இம்முறை மேடம் நாற்காலியிலிருந்து, "பின்னாடி போ" என்றார். மூங்கிலைப் பிடுங்கி ஐந்தடி பின்னால் நட்டோம். "இன்னும்." பத்தடி. "இன்னும் போ." எட்டு மணி நெருங்கும்போது நாங்கள் ஓடி ஓடி நட்டோம். இருபத்திரண்டாவது அடியில் நிழல் பாவிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தது. தெருவில் யாரோ விசில் அடித்தார்கள். முனிரத்தினம் அந்த இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார். கோட்டுக்கு முன்னால் பழைய ஓட்டு வீட்டு உயரத்துக்கு ஒரே தளம், கோட்டுக்குப் பின்னால் மாடி. படியைச் சுவருக்குள் இழுத்துவிடலாம். சாய்வும் மரமும் வேண்டாம். ஐம்பதடி நீள மனையில் பின்னால் இருபத்தெட்டு அடி மிஞ்சும், மேலே தாராளமாக இரண்டு அறை வரும். எனக்குத் தமிழ் திரும்பிக்கொண்டிருந்தது.

கோடு தெற்கே போய்க் கஸ்தூரி அம்மாவின் மனையில் முடிந்தது. அப்போதுதான் எல்லாரும் பார்த்தோம். அவர் மனைக்குப் பின்னால் கால்வாய் வளைந்து வருகிறது. அவர் மனையின் நீளம் முப்பத்திரண்டடிதான். கோட்டுக்குப் பின்னால் பத்தடி. கால்வாய் ஓரம் விட வேண்டியதை விட்டால் எட்டு.

அவர் அந்த எட்டடிக்குள் போய் நின்றார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு இந்தச் சுவர் இடத்திலிருந்து அந்தச் சுவர் இடத்துக்கு நடந்தார். நாலு எட்டில் முடிந்துவிட்டது.

"ஆக்சுவலி, அட்ஜஸ்ட்டபிள்," என்றேன். "உங்க வீடு கடைசிதானேம்மா. உங்க ஒரு வீட்டை மட்டும் முன்னாடி இழுத்துக்கலாம்."

"ஒரு வூடுதானே அண்ணி," என்றார் முனிரத்தினம். "யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் பேசிக்கிறேன்."

எதிர் வரிசைக்காரர்களும் தலையாட்டினார்கள். உண்மையாகவே விட்டுக்கொடுத்திருப்பார்கள். அந்தத் தெரு அப்படித்தான்.

கஸ்தூரி அம்மா பாவின் பக்கம் போனார். முதல் நாள் காயாமலே நின்ற பாவு ஓரமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அதில் ஒரு இடத்தை விரலால் பிரிக்கப் பார்த்தார். நூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

"ஒரு மொழம் ஈரமா நின்னா போதும் சார். மொத்தப் பாவும் அங்க வந்து சிக்கிக்கும். எங்க வூட்டு நெழலுலதான் சிக்கிச்சுன்னு தெனைக்கும் ஒருத்தன் மனசுக்குள்ள நெனைப்பான். வாய் திறந்து சொல்ல மாட்டான். அதான் பேஜாரு." சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார். "வெயிலு எங்கன்னு கேட்டவ நானு. எட்டடியில ஒரு ரூமு போட்டுக் குடுங்க."

கடைக்காலுக்கு ஏழு நாள் இருந்தது.

அந்த ஏழு நாளில் நான் வரைந்த மாதிரி அதற்கு முன்னாலும் வரைந்ததில்லை, பின்னாலும் வரைந்ததில்லை. எட்டு வீட்டுக்கு இரண்டு நாள். ஒரு அறைக்கு ஐந்து நாள். எட்டடி ஆழம், பதினைந்தடி அகலம், அதற்குள்ளேதான் சுவர்களும். படியை அறைக்குள் விட்டால் அறை போய்விடும். முன் மொட்டை மாடியில் ஏற்றி அதற்குக் கூரை போட்டால் கூரை நிழல் தெருவில் விழும். நாலாவது நாள் படிக்கு மேல் கூரையே வேண்டாம், படி வாயை மூடச் சாய்வாக ஒரு தகரக் கதவு போதும் என்று தோன்றியது. அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறவர் வளையிலிருந்து தலை நீட்டும் முயல் மாதிரி இருப்பார். ஆனால் நிழல் விழாது.

மேடத்திடம் கொண்டுபோனேன். கண்ணாடி மடிந்தது. விரல்கள் வந்தன.

"எனக்கு எட்டு மாசம். படி ஏறுறேன். மூச்சு வாங்குது." விரல்கள் நின்றன. ஒவ்வொரு படியின் உயரத்தையும் குறைத்தேன், இரண்டு படி கூடியது.

"எனக்குக் குழந்தை பொறந்தாச்சு. கைல புள்ளை. ஒரு கையால தகரத்தைத் தூக்கணும்." லேசாகத் தூக்கத் தகரத்துக்கு எதிர்எடை வைத்தேன்.

"தொட்டில் கட்டணும். ஆட்டினா சுவர்ல இடிக்கக் கூடாது." கொக்கியை நீளவாட்டில் மாற்றினேன்.

"நான் ஷூ கம்பெனியில வேலை பாக்கறவன். நாள் பூரா நின்னுட்டு வர்றேன். காலை நீட்டணும்." கட்டிலைச் சுவரோடு சேர்த்து, தலைமாட்டில் ஜன்னல் வைத்திருந்தேன். விரல்கள் கட்டில் வரை நடந்து, மடங்கி, படுத்துக்கொண்டன. மேடம் கையை எடுக்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான், 'அவ்வளவுதான், படுத்துட்டான்' என்று எனக்குப் புரிந்தது.

கஸ்தூரி அம்மாவின் மகனிடம் பிளானைக் காட்டினேன். அவன் நிறைய பேசாதவன். அறையின் அளவுகளை இரண்டு தடவை படித்தான்.

"ஆம்பூர்ல கம்பெனி பக்கத்துல ஒரு வூடு பாத்து வச்சிருக்கேன் சார். அது இதை விடக் கொஞ்சம் பெருசு." நிறுத்தினான். "அதுல ஜன்னலைத் தொறந்தா அடுத்த வூட்டுச் சுவரு. இதுல?"

"பின்னாடி கால்வாய்க்கரை தென்னமரம். முன்னாடி மொட்டை மாடி. அதுக்குக் கீழ தெரு."

தாளைச் சுருட்டி அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கம்பெனி வேனுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டான். போகிறானா இருக்கிறானா என்று யாருக்கும் தெரியவில்லை. வீடு எழும்பி, கூரை போட்டு, பூச்சு முடிகிறவரை தெரியவில்லை. குடிபுகுந்த அன்று தகரக் கதவைத் தூக்கிக்கொண்டு கைக்குழந்தையோடு மருமகள் தலை நீட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது. கீழே முனிரத்தினம், "முயலு வந்துடுச்சு" என்றார்.

அந்தத் தெருவுக்கு இப்போது போகிறவர்கள், முன்னால் தாழ்ந்து பின்னால் உயர்ந்து நிற்கும் அந்த ஒன்பது வீட்டையும் படம் எடுத்து, பழைமையும் புதுமையும் கைகோத்து நிற்கின்றன என்றெல்லாம் போடுகிறார்கள். கைகோத்தது எதுவும் இல்லை. ஒரு கறுப்பு வட்டமும் ஒரு பிரியாணியும்தான்.

மேடம் ஓய்வு பெற்றுவிட்டார். என் கழுத்தும் ஓய்வு பெற்றுவிட்டது. ஆனால் மாதம் ஒருமுறை, காலையில், தவறாமல் கஸ்தூரி அம்மாவிடமிருந்து போன் வரும். "சார், இன்னிக்கு அமாவாசை. எங்க தெரு காலியா இருக்குது. அளக்க வர்லியா?" இரண்டு பேரும் சிரிப்போம். பேரப்பிள்ளை என்ன செய்கிறான் என்று கேட்பேன். பாவுக்கு நடுவில் குனிந்து ஓடி எல்லாரிடமும் திட்டு வாங்குகிறானாம்.

போன வாரமும் வந்தது. ஆனால் சிரிக்கவில்லை.

"சார், எங்க பின்னாடித் தெருவுல மூணு வூடு இடிச்சிட்டு மாடி கட்றாங்களாம். இன்னிக்குக் காலைல ஒரு தம்பி வந்து அளந்துட்டுப் போச்சு. செவப்பா லைட்டு அடிக்குமே, அந்த மிஷினு. கால்மணி நேரம்கூட ஆவல. எதிர்ல வந்த என்கிட்ட இன்னா சொல்லுச்சு தெரியுமா? 'தெரு நல்லா காலியா இருக்குக்கா'ன்னு..."

அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு ஆங்கிலம் வந்துவிட்டது.